குட்டப்பன் நின்ற பக்கம்

ஈராற்றுப்பேட்டையிலிருந்து கல்லம்மேட்டுக்கு மலையேறும் 'வெள்ளிநிலா' பஸ்ஸில் குட்டப்பன் சேட்டன் கண்டக்டர். இருபத்திரண்டு வருடமாக அதே பஸ், அதே ரோடு, அதே காக்கிச் சட்டை. சட்டை மட்டும் நடுவில் மாறியிருக்கலாம், பார்த்தால் அப்படித் தெரியாது. காலை ஏழு நாற்பதுக்குக் கல்லம்மேட்டிலிருந்து கீழே இறங்கும் டிரிப்பில் நாலு வருடம் நான் காலேஜுக்குப் போனேன். அவரைப் பற்றி நாலு பேருக்குச் சொல்லாவிட்டால் நான் நன்றி கெட்டவள். ஏன் என்று படித்தால் தெரியும்.

முதலில் சின்ன விஷயம். எங்கள் ஊர்ப்பக்கம் சலுகைக் கட்டணத்தில் போகும் மாணவர்களை ஏற்றிக்கொள்ளவே தனியார் பஸ்காரர்கள் மூஞ்சியைச் சுளிப்பார்கள். முழு டிக்கெட் வாங்குகிறவர்கள் எல்லாரும் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எங்களுக்குப் படி. மழை பெய்தாலும் வெளியேதான். வெள்ளிநிலாவில் அது கிடையாது. "நனைஞ்சுக்கிட்டுப் போய் என்னத்தைப் படிக்கப் போறீங்க, ஏறுங்க மோளே," என்பார் குட்டப்பன் சேட்டன். ஏறின பிறகு பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லி உட்கார்ந்திருப்பவர்களிடம் கொடுத்துவிடுவார். வாய் ஓயாது. யார் வீட்டு மாடு ஈன்றது, யாருக்கு விசா வந்தது, எந்த ரப்பர் தோட்டத்தில் காட்டுப்பன்றி இறங்கியது என்று பின் படியிலிருந்து முன் படிக்குப் போவதற்குள் பத்துப் பேரிடம் பத்துக் கதை.

ஆனால் டிரைவரிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசமாட்டார்.

டிரைவர் பெயர் பேபி. ஐம்பத்தாறு வயது, ஆறடி உயரம், அரிவாள் மாதிரி மீசை. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் வேறு ஏதோ. குழந்தையாக இருந்தபோது வீட்டில் கூப்பிட்ட பேபி அப்படியே ஒட்டிக்கொண்டது. பத்தொன்பது வருடம் இந்த இருவரும் ஒரே தட்டில் கப்பைக்கிழங்கும் மீன்குழம்பும் தின்றவர்கள். குட்டப்பன் அவரை 'ஆசானே' என்றுதான் கூப்பிடுவாராம். நான் காலேஜில் சேர்ந்த நேரத்தில்தான் அந்தப் பேச்சு நின்றுபோனது. அதனால் அந்த 'ஆசானே'யை நான் கேட்டதே இல்லை.

பேச்சு இல்லாமல் பஸ் எப்படி ஓடும்? அதற்குத்தான் மணி. பஸ் கூரையின் நீளத்துக்கு ஒரு நைலான் கயிறு. அதன் நுனியில், டிரைவர் தலைக்கு நேர் மேலே, வெண்கல மணி. ஒரு தடவை இழுத்தால் நிறுத்து. இரண்டு தடவை இழுத்தால் கிளம்பு. மூன்று என்றால் அடுத்த நிறுத்தத்தில் ஆள் இல்லை, நேரே விடு. இது எல்லா பஸ்ஸிலும் உள்ளது. வெள்ளிநிலாவில் இதற்கு மேலும் இருந்தது. இரண்டு மணிக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டு அடித்தால், வயிற்றுப்பிள்ளைக்காரி ஏறியிருக்கிறாள், மெதுவாகப் போ. முதல் மணியை மென்மையாகவும் இரண்டாவதை வெடுக்கென்றும் அடித்தால், பின்னால் போட்டி பஸ் வருகிறது. இது எதையும் அவர்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. இவர் இழுப்பார், அவர் புரிந்துகொள்வார். அப்படியே பழகிப்போனது.

மணிக்குள் அடங்காத சமாச்சாரம் என்றால் நடுவில் ஆள் வேண்டும். அந்த ஆள் ரோஸிலி சேச்சி. அடிவாரத்தில் அங்கன்வாடி டீச்சர். டிரைவருக்குப் பின்னாலுள்ள முதல் சீட்டில், இடது ஓரம், தினமும் அவர்தான்.

"ரோஸிலி சேச்சி, முன்னால இருக்கிற பெரிய மனுஷன்கிட்ட சொல்லுங்க, பின் டயர்ல காத்துக் கொறைவுன்னு."

"பேபி, பின் டயர்ல காத்துக் கொறைவாம்."

"தெரியும்னு சொல்லுங்க."

"தெரியுமாம், குட்டப்பா."

"தெரிஞ்சா ஏன் அடிக்கலைன்னு கேளுங்க."

"எடா, நான் அங்கன்வாடில முப்பது பிள்ளைங்களை மேய்க்கிறேன். அதுங்க உங்க ரெண்டு பேரை விட மேல். சாயங்காலமாவது பழம் விட்டுக்குங்க."

பஸ்ஸே சிரிக்கும். அவர்கள் இருவரும் மட்டும் சிரிக்கமாட்டார்கள்.

சண்டைக்குக் காரணம் ஒரு கல்யாணம். குட்டப்பன் சேட்டனின் மகளுக்குச் சிங்ங மாதத்தில், அதாவது ஆவணியில், கல்யாணம் நிச்சயமானது. எங்கள் பக்கம் கல்யாணத்துக்குக் கூப்பிடுவது என்றால் வீட்டுக்குப் போகவேண்டும். புருஷனும் பெண்டாட்டியுமாகப் போய், உட்கார்ந்து, சாயா குடித்து, "நீங்க எல்லாரும் முன்னாடியே வந்து நடத்திக் கொடுக்கணும்" என்று வாயால் சொல்லவேண்டும். பத்திரிகையை மட்டும் கொடுத்தால் அது அழைப்பில்லை, வெறும் அறிவிப்பு. குட்டப்பனும் அவர் மனைவி சாந்தா சேச்சியும் மூன்று வாரம் மலை முழுக்க நடந்தார்கள். ஒரு வீடு விடவில்லை. பேபி வீட்டுக்கு மட்டும் போகவில்லை. பகைக்காக இல்லை, நெருக்கத்துக்காக. "தினமும் பதினாலு மணிநேரம் கூட இருக்கிற மனுஷன். அவரைப் போய் வீட்ல கூப்பிட்டா, 'என்னடா, என்னை வெளியாளாக்கிட்டியா'ன்னு கேப்பாரோன்னு தோணுச்சு," என்று பின்னாளில் என்னிடம் சொன்னார். பத்திரிகையை டிரைவர் சீட்டுக்கு முன்னால் மாதா படத்துக்குப் பக்கத்தில் சொருகி, "ஆசானே, பதினாலாம் தேதி," என்று மட்டும் சொன்னாராம்.

அங்கே பேபி வீட்டில் ஏலிக்குட்டி சேச்சி இரண்டு ஞாயிற்றுக்கிழமை வட்டயப்பம் அவித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். யாரும் வரவில்லை. பேபி கல்யாணத்துக்குப் போகவில்லை. பந்தலில் குட்டப்பன் பந்தி முடியும் வரை வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். ஒருவர் 'என்னை வந்து கூப்பிடவில்லை' என்றும், இன்னொருவர் 'என் மகள் கல்யாணத்துக்கு வரவில்லை' என்றும், ஆளுக்கொரு காயம். ஒருவர் காயம் இன்னொருவருக்குத் தெரியாது. மறுநாள் காலை ஏழு நாற்பதுக்கு வண்டி எடுக்கும்போது இரண்டு மணி அடித்தது. அவ்வளவுதான் பேச்சு.

ஒரே ஒரு தடவை குட்டப்பன் வீம்பை விட்டு இறங்கிப் போனார். அடுத்த வருடம் பெரிய வியாழக்கிழமை. பணிவுக்கும் மன்னிப்புக்கும் அடையாளமாகக் கிறிஸ்தவர்கள் அடுத்தவர் கால் கழுவும் நாள். அன்றைக்குப் போய்க் கேட்டால் பேபி மறுக்கமாட்டார் என்று நினைத்தே அந்த நாளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். ஏலிக்குட்டி சேச்சி வீட்டில் காத்திருந்த கதை அதற்குள் ரோஸிலி சேச்சி வழியாக அவர் காதுக்கு வந்திருந்தது. ஸ்டாண்டில் சாயங்கால டிரிப் கிளம்புவதற்கு முன்னால், ஆட்கள் ஏறுவதற்குள், எஞ்சின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று சொல்லியிருக்கிறார்: "ஆசானே, வீட்டுக்கு வந்து கூப்பிடாதது என் தப்பு. மன்னிச்சிடுங்க."

பேபி திரும்பவில்லை. நேரே கண்ணாடியைப் பார்த்தபடி கியரைப் போட்டார். ஆள் ஏற்றும் இடத்துக்கு வண்டி நகர்ந்தது.

குட்டப்பன் அதை வீட்டுக்குப் போய் சாந்தா சேச்சியிடம் மட்டும் சொன்னார். "செத்தாலும் இனி நான் வாயைத் திறக்க மாட்டேன்," என்றும் சொன்னார். அதற்குப் பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது.

அந்த இரண்டு வருடத்தில் பேபிச் சேட்டன் மாறிக்கொண்டே வந்தார். முன்பெல்லாம் ரோஸிலி சேச்சி சொல்லும் சமாச்சாரத்துக்காவது பதில் வரும். பிறகு அதுவும் குறைந்தது. சிலர் இறங்கும்போது "போயிட்டு வர்றேன் பேபி" என்பார்கள், தலை அசையாது. "ரொம்ப மண்டைக்கனம் ஏறிடுச்சு இவனுக்கு," என்று ரோஸிலி சேச்சியே ஒருநாள் என்னிடம் முணுமுணுத்தார். ஏலிக்குட்டி சேச்சியும் சர்ச்சில் யாரிடமோ அழுதிருக்கிறார், வீட்டில் கூப்பிட்டால் ஏன் என்று கேட்பதில்லை என்று. ஊர் முழுக்க ஒரே முடிவு: பேபி கோபக்காரன் ஆகிவிட்டான்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். அதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

போன வருடம் கர்க்கடக மாதம், ஆடி மழைக்காலம். மூன்று நாளாக விடாத மழை. ஏழு நாற்பது வண்டி கல்லம்மேட்டை விட்டு இறங்கும்போது முப்பதடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை, அவ்வளவு பனிமூட்டம். வண்டியில் இருபத்துமூன்று பேர். நான் பின்சீட்டில், இடது ஜன்னல் ஓரம். நான்காவது கொண்டை ஊசி வளைவுக்குச் சற்று மேலே எதிரில் ஒரு டிப்பர் லாரி கருங்கல் லோடுடன் முனகிக்கொண்டு ஏறி வந்தது. லோடு வண்டி அந்த ஏற்றத்தில் நின்றால் மறுபடி கிளம்பாது. நாங்கள்தான் பின்னால் போகவேண்டும்.

இது தினமும் நடப்பதுதான். கண்டக்டர் கையில் மரக்கட்டையோடு இறங்கி, வண்டிக்குப் பின்னால் இடது பக்கம் நிற்பார். அந்தப் பக்கம்தான் பள்ளம். விட்டு விட்டு விசில் அடித்தால் வா. ஒரே நீளமாக அடித்தால் நில். குட்டப்பன் சேட்டன் இறங்கினார். விட்டு விட்டு விசில் வந்தது. வண்டி பின்னால் ஊர்ந்தது.

பிறகு நீள விசில் வந்தது.

வண்டி நிற்கவில்லை.

மறுபடியும் நீளமாக, முன்பைவிடப் பலமாக. நான் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தேன். ரோடு இல்லை. பனிக்குள் ஒரு பலாமரத்தின் உச்சி தெரிந்தது. மரத்தின் அடி தெரியவில்லை, உச்சியை மேலிருந்து பார்க்கிறேன். முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். வண்டி இன்னும் பின்னால் போகிறது. அப்போது அடியில் 'டக்'கென்று ஒரு இடி. உடம்பு முழுக்கக் குலுங்கியது. எஞ்சின் அணைந்தது. பேபிச் சேட்டன் பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொண்டார்.

குட்டப்பன் சேட்டன் கையிலிருந்த கட்டையைப் பின் சக்கரத்துக்கு அடியில் எறிந்திருந்தார். அந்தக் கட்டைக்கும் பள்ளத்துக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருந்தது என்று இறங்கிய பிறகு நான் என் காலால் அளந்து பார்த்தேன். என் செருப்பு ஒன்று, அதற்கு மேல் நாலு விரல்.

லாரி எப்படியோ வளைந்து ஏறிப் போய்விட்டது. வண்டிக்குள் ஒரே கூச்சல். "தூங்கிட்டா ஓட்டற?" "விசில் காதுல விழலியா?" என்று ஆண்கள் எல்லாரும் முன்பக்கம் பாய்ந்தார்கள். பேபிச் சேட்டன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தார். அப்போது குட்டப்பன் முன் படியில் ஏறி, எல்லாருக்கும் நடுவில் கையைத் தூக்கினார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது.

"யாரும் அவரை ஒண்ணும் சொல்லாதீங்க. விசில்ல தண்ணி பூந்துடுச்சு. சத்தமே வரலை. தப்பு என்னோடது."

எனக்கு விசில் கேட்டது. பின்சீட்டில் எல்லாருக்கும் கேட்டது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு எல்லாரும் சீட்டுக்குத் திரும்பினார்கள்.

"வண்டி இனி போகாது. கிளட்ச்ல ஏதோ கோளாறு. மேலேருந்து ஜீப் வரும், அதுல போயிடுங்க," என்றார். கொஞ்ச நேரத்தில் தோட்டத்து ஜீப்புகள் இரண்டு வந்தன. மலையில் ஒரு ஜீப்பில் பதினைந்து பேர் போவது சாதாரணம். ஆனால் ரோஸிலி சேச்சி, "நான் தொங்கிக்கிட்டெல்லாம் போக மாட்டேன், அடுத்ததுல வர்றேன். கொச்சே, நீயும் இரு," என்று சின்னப்பிள்ளையைப் போல என் கையைப் பிடித்துக்கொண்டார். வண்டியில் நாங்கள் நாலு பேர் மட்டும். எஞ்சின் இல்லை, ஆள் சத்தம் இல்லை. கூரையில் மழை மட்டும்.

குட்டப்பன் சேட்டன் இறங்கி, வண்டியின் முன்னால் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போனார். டிரைவர் ஜன்னலுக்கு வெளியே, ரோட்டில், மழையில் நின்றார். இருபத்திரண்டு வருடத்தில் கண்டக்டருக்கு அந்தப் பக்கம் வேலையே கிடையாது.

"ஆசானே."

பேபிச் சேட்டன் திரும்பினார். முதன்முதலாக அந்தச் சொல்லை நான் கேட்டது அப்போதுதான்.

"விசில் கேட்டுச்சா?"

"தண்ணி பூந்துச்சுன்னு நீதானே சொன்ன."

"அது அவங்களுக்குச் சொன்னது. உங்களுக்குக் கேட்டுச்சா?"

"மழை பெய்யுது. மழைல என்னத்தக் கேக்கும்." பேபிச் சேட்டன் சாவியைத் திருப்பப் போனார். "மணி அடி. டைம் போவுது."

"அடிக்க மாட்டேன்."

"என்னது?"

"ரெண்டு மணி அடிக்க மாட்டேன். அடிக்காம நீங்க எடுக்க மாட்டீங்க. அது எனக்குத் தெரியும்."

பேபிச் சேட்டனின் மீசை துடித்தது. "மூணு வருஷமா கோவத்தை வச்சிருந்தாலும் வண்டில காட்டாதவன் நீ. இன்னிக்கு ரோட்ல நிறுத்திக் காட்டறியா?"

"கோவமா? எனக்குக் கோவம் இருந்திருந்தா அன்னிக்கு வந்து உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டிருப்பேனா?"

"யாரு? யார்கிட்ட மன்னிப்புக் கேட்டா?"

"நான்தான். உங்ககிட்டதான். பெரிய வியாழக்கிழமை, ஸ்டாண்டுல. வீட்டுக்கு வந்து கூப்பிடாதது என் தப்புன்னு சொன்னேன். நீங்க திரும்பிக்கூட பாக்காம கியரைப் போட்டீங்க."

பேபிச் சேட்டன் சாவியிலிருந்து கையை எடுத்தார். பிறகு ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

"எந்தப் பக்கம் நின்னு சொன்ன?"

"எந்தப் பக்கம்னா? எப்பவும் நிக்கிற பக்கம்தான். எஞ்சின் பெட்டிகிட்ட."

"எஞ்சின் ஓடிக்கிட்டிருந்துச்சா?"

"ஆமா."

பேபிச் சேட்டன் இடது கையைத் தூக்கி, உள்ளங்கையால் இடது காதை மூடினார். மூடி, எடுத்து, மறுபடி மூடினார். இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை என்பது போலத் தலையை ஆட்டினார்.

எனக்குப் பக்கத்தில் ரோஸிலி சேச்சி, "என் மாதாவே," என்று சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மூன்று வருடம் டிரைவரின் இடது தோளுக்குப் பின்னால் உட்கார்ந்து பேசியவர் அவர்.

அந்தப் பழைய மாடல் வண்டியில் எஞ்சின் டிரைவருக்கு இடது பக்கம், முழங்காலுக்குப் பக்கத்திலேயே இருக்கும். முப்பது வருடம் அந்த இரைச்சலைக் குடித்த காது அது. முதலில் உள்ளே ஒரு வண்டு ரீங்கரிக்கிற மாதிரி இருந்ததாம். பிறகு வண்டும் போய், எதுவுமே இல்லாமல் ஆனதாம். மணி தலைக்கு மேலே இருந்ததால் வலது காதில் விழுந்துவிடும். சந்தேகம் வந்தால் மணியின் நாக்கு ஆடுகிறதா என்று நிமிர்ந்து பார்த்துக்கொள்வாராம். அதனால் யாருக்கும் தெரியவில்லை.

"வீட்லயாவது சொல்லியிருக்கலாமே," என்றார் குட்டப்பன்.

"என்னன்னு சொல்றது? அவ சமையல்கட்டுலேருந்து கூப்பிடுவா. கேக்காது. கேக்கலைன்னு சொன்னா அடுத்து டாக்டர்ம்பா. டாக்டர்ன்னா லைசென்ஸு. அதனால கோவமா இருக்கிற மாதிரி இருந்துட்டேன். கோவக்காரன்கிட்ட யாரும் ரெண்டாம் தடவை கேக்க மாட்டாங்க குட்டப்பா. அது ஒரு சௌகரியம்."

மழையில் நின்றுகொண்டே குட்டப்பன் சேட்டன் அழுதார். மழையில் தெரியாது என்று நினைத்திருப்பார். தெரிந்தது.

"உங்க மூஞ்சியைக் கண்ணாடில பார்த்தேன் ஆசானே, விசில் அடிக்கிறப்போ. கேட்டும் கேக்காத மாதிரி இருக்கிற உங்க மூஞ்சி எனக்குத் தெரியும். மூணு வருஷமா அதைத்தானே பாக்கிறேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். இன்னிக்கு அந்த மூஞ்சி இல்ல. சும்மா, நிம்மதியா, பின்னால வந்துக்கிட்டிருந்தீங்க. அப்பத்தான் கட்டையை எறிஞ்சேன்."

"ஓட்டாம வீட்ல உக்காந்தா நான் யாருடா?"

"அது எனக்குத் தெரியாது. நான் சொன்ன மன்னிப்பு காதுல விழலைன்னா போனது நம்ம ரெண்டு பேருக்கு. விசில் விழலைன்னா? அந்தப் பொண்ணு பின்சீட்ல உக்காந்திருந்துச்சு, பாருங்க." என்னைக் காட்டினார்.

பேபிச் சேட்டன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் என்ன செய்வதென்று தெரியாமல் தலையை ஆட்டினேன். பிறகு பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து, வலது காதில் வைத்து, பஸ் முதலாளியைக் கூப்பிட்டார். கிளட்ச் என்று சொல்லவில்லை. "முதலாளி, எனக்கு இடது காது கேக்கலை. கொஞ்ச நாளாவே கேக்கலை. இன்னிக்கு வண்டியைப் பள்ளத்துல விட இருந்தேன். குட்டப்பன் காப்பாத்தினான். வேற ஆளை அனுப்புங்க." முதலாளி சத்தமாகக் கேட்டது எங்களுக்கும் கேட்டது: "ஆளுங்களுக்கு ஒண்ணுமில்லையே? சரி, அங்கேயே இரு. ஷாஜி வருவான்."

ஷாஜி பைக்கில் வருவதற்குள் அவர்கள் இருவரும் ரோட்டோரத்துப் பெட்டிக்கடையில் பாலில்லாத கட்டன்சாயா குடித்தார்கள். குட்டப்பன் வலது பக்கம் உட்கார்ந்தார். என்ன பேசினார்கள் என்று தெரியாது. ஒரு தடவை பேபிச் சேட்டன் வாய்விட்டுச் சிரிப்பது மட்டும் கேட்டது. ரோஸிலி சேச்சி, "நான் இத்தனை வருஷம் தந்தியாபீஸ் நடத்தினது வீணாப் போச்சே," என்று என் தோளில் சாய்ந்துகொண்டு அழுதுகொண்டே சிரித்தார்.

காது டாக்டரிடம் குட்டப்பன் சேட்டன்தான் கூட்டிப்போனார், ஏலிக்குட்டி சேச்சியையும் சேர்த்து. கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்களாம். வலது காதுக்கு டக் டக்கென்று அமுக்கினார். இடது காதுக்கு மாறியபோது பட்டனை அமுக்கவே இல்லை. கண்ணாடிக்கு வெளியே நின்ற ஏலிக்குட்டி சேச்சிக்கு அப்போதுதான் எல்லாம் புரிந்தது. "என்மேல கோவம்னுல்ல நெனச்சேன்," என்று குட்டப்பனின் கையைப் பிடித்துக்கொண்டாராம். வலது காது நன்றாகவே இருக்கிறது, இடது காதுக்கு மெஷின் வைத்தால் ஓரளவு மீளும் என்றார் டாக்டர். மெஷின் வைத்து, பழகி, மறுபடி பரிசோதனை செய்து, கனரக வண்டி ஓட்டலாம் என்று சான்றிதழ் வாங்க நாலு மாதம் ஆனது. அந்த நாலு மாதமும் ஷாஜிதான் ஓட்டினார். நல்ல பையன்தான். ஆனால் குட்டப்பன் சேட்டன் இடைவெளி விட்டு அடிக்கும் மணி அவனுக்குப் புரியாது. வாயால் சொல்லவேண்டியிருந்தது.

பேபிச் சேட்டன் திரும்பி வந்த அன்று முதலாளி ஒரு புது ஏற்பாடு செய்தார். அது குட்டப்பனின் யோசனை. மணி கேட்டால் டிரைவர் இடது கையைத் தூக்கிக் காட்டவேண்டும். கை எழாவிட்டால் கண்டக்டர் மறுபடி அடிக்கவேண்டும். பின்னால் எடுக்கும்போது விசிலோடு, டிரைவருக்குக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி நின்று கொடியும் காட்டவேண்டும். கண்டக்டர் கண்ணில் படவில்லை என்றால் வண்டி அசையக்கூடாது. சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமல் யாரும் எதையும் சொன்னதாக நினைத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் அதன் சாரம். நான் எத்தனையோ பாடம் படித்தேன், இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. இப்போது நான் யாரிடமாவது முக்கியமான ஒன்றைச் சொல்லி, பதில் வராவிட்டால், கோபப்படுவதற்கு முன்னால் அவர்களுடைய மற்ற பக்கமாகப் போய் நின்று இன்னொரு தடவை சொல்லிப் பார்க்கிறேன். பாதி நேரம் அது போதுமானதாக இருக்கிறது.

பேச்சுக்குக் குறைவே இல்லை இப்போது. ஸ்டாண்டில் வண்டி நிற்கும்போதெல்லாம் குட்டப்பன் சேட்டன் டிரைவர் ஜன்னலோரம் போய் நின்றுகொள்வார். "மூணு வருஷத்தையும் இன்னிக்கே பேசித் தீக்கணுமா? பிள்ளைங்க அங்க காத்துக்கிட்டிருக்கும், வண்டியை எடு," என்று ரோஸிலி சேச்சிதான் விரட்டுவார்.

காலேஜ் முடிகிற கடைசி வாரம் ஒருநாள், கோடை மழை. கூரையில் ஆலங்கட்டி கொட்டிய மாதிரி சத்தம். அடிவாரத்தில் ஆள் இறங்கிய பிறகு குட்டப்பன் சேட்டன் இரண்டு மணி அடித்தார். முன்னால் கை எழவில்லை. வண்டியில் ஐம்பது பேர், எல்லாரும் நனைந்திருக்கிறோம், எல்லாருக்கும் அவசரம். யாரோ சலித்துக்கொண்டார்கள். மணியின் நாக்கு ஆடுவதை மட்டும் கண்ட பேபிச் சேட்டன் சீட்டிலிருந்து முழு உடம்பையும் திருப்பி, கண்டக்டரைத் தேடி, பஸ் முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னார்.

"கேக்கலை குட்டப்பா. இன்னொரு தடவை அடி."

குட்டப்பன் சேட்டன் கயிற்றைப் பிடித்து நிதானமாக இரண்டு தடவை இழுத்தார்.